கிளைக்குப் போன ஃபைல்

அறுப்பின் பண்டிகைப் படத்தை இந்த வருஷம் ஜோசலின் செய்யட்டும் என்று கமிட்டி முடிவெடுத்தபோது பியூலா அங்கேதான் இருந்தாள். ஆராதனை முடிந்து சனங்கள் கலைந்த பிறகு கமிட்டிக்காரர்கள் கோயிலின் முன் பெஞ்சுகளில் உட்கார்ந்து பேசினார்கள். பக்கத்துத் தூணுக்குப் பின்னால் கம்ப்யூட்டர் மேசை. அங்கே அவள் பாட்டு ஸ்லைடுகளை மூடிவிட்டு வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அவள் இருப்பது அவர்களுக்குத் தெரியும். தெரிந்தும் யாரும் குரலைத் தாழ்த்தவில்லை.

"பொத்தேரியில விஸ்காம் படிக்கிற பிள்ளை. காலேஜ்ல ஏதோ பிரைஸ்கூட வாங்கியிருக்கு" என்றார் சபையின் செயலாளர் ஜெபசீலன். "இந்தப் படம் நல்லா வந்துச்சுன்னா, ஞாயித்துக்கிழமை ஸ்லைடு, லைவ் எல்லாத்தையும் சேத்து மீடியா டீம்னு ஒண்ணு போட்டு அது கையிலயே குடுத்துரலாம்."

"அப்ப பியூலா?" என்று ஒரு குரல் கேட்டது.

"பியூலா கம்ப்ரெஸ் பண்ணிக் குடுக்கட்டும். அது அதுக்கு நல்லா வரும்."

பியூலா சுருட்டிய வயரை அவிழ்த்து மறுபடி சுருட்டினாள்.

பதினொன்றாம் வகுப்பில் பாதியில் நின்ற பிறகு அவள் வெளியே போய் உட்காருகிற ஒரே இடம் அந்த மேசைதான். தாம்பரம் ஸ்டேஷன் பக்கம் டைப்பிங் வகுப்புக்கு அம்மா கொஞ்ச நாள் அனுப்பினாள். அங்கே கற்றுக்கொண்ட தமிழ் டைப்பிங்கால் கோயிலின் பாட்டுகளை எல்லாம் அடித்துக் கொடுத்தாள். பிறகு ஸ்லைடு மாற்றும் வேலையும் அவளிடமே வந்து சேர்ந்தது. சபை முழுவதும் திரையைப் பார்க்கும், அவளைப் பார்க்காது. ஒரு வரி முடிந்து அடுத்த வரிக்கு மூச்சு இழுக்கும் நேரத்தில் அவள் விரல் பட்டனை அழுத்தும். அத்தனை பேரும் அவள் காட்டிய வரியைத்தான் பாடுவார்கள். யாரிடமும் வாய் திறக்காமல் இத்தனை பேரை நடத்துகிற வேலை வேறு எங்கே கிடைக்கும்?

வருஷத்துக்கு ஒரு தடவை, அறுப்பின் பண்டிகைக்கு, சபையின் அந்த வருஷத்து நடப்புகளை ஒரு படமாகச் செய்து போடுவார்கள். அதையும் அவள்தான் செய்து வந்தாள். ஞாயிறுபள்ளிப் பிள்ளைகள், ஞானஸ்நானம், கண் சிகிச்சை முகாம் என்று போட்டோக்களை வரிசையாக ஒட்டி, பின்னால் ஆர்கன் இசை போட்ட படம். பெரிய படம் இல்லை என்று அவளுக்கே தெரியும். ஆனால் ஓடும். தாம்பரத்தில் கோயிலின் பெரிய திரையிலும், அதே நேரத்தில் திருமுடிவாக்கத்தில் கிளைச் சபையின் லேப்டாப்பிலும் நிற்காமல் ஓடும்.

அந்த லேப்டாப் ஒருவர் வீட்டில் பழசாகி, காணிக்கையாக வந்தது. பெரிய ஃபைலைக் கொடுத்தால் திணறிப் படுத்துவிடும். அதற்குத் தகுந்த மாதிரி படத்தை இறுக்கிச் சின்னதாக்க வேண்டும். நடுவில் ஒரு வருஷம் மட்டும் ஜெபசீலன் தன் அக்கா பையனிடம் வேலையைக் கொடுத்தார். திருமுடிவாக்கத்தில் படம் வராமல் சத்தம் மட்டும் வந்தது. அந்தக் கிளைச் சபையை நடத்தும் உபதேசியார் ஏசுவடியான், "உங்களுக்கு சினிமா, எங்களுக்கு ரேடியோவா?" என்று போனில் கேட்டார். அதற்குப் பிறகு பியூலாவின் படங்கள் எப்படி இருந்தாலும் ஓடுகின்றன என்பதில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை.

இப்போது படம் ஜோசலினுக்கு. ஓட வைப்பது மட்டும் அவளுக்கு.

வீட்டுக்கு வந்ததும் அம்மா ரத்தினபாயிடம் சொன்னாள். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"நல்லதாப் போச்சு. உனக்கும் பாரம் குறையும்" என்றாள். பிறகு, "அந்தப் பிள்ளை போன வாரம் பண்டிகை அசனச் சாப்பாட்டு வேலைக்கு நாங்க சாமான் பாக்குறப்ப வந்துச்சு. 'ஆன்ட்டி, ஆன்ட்டி'ன்னு எவ்வளவு பாசமா பேசுது தெரியுமா. நீயும் இருக்கியே, நாலு பேர் வந்தா உள்ள போய் ஒளிஞ்சுக்கிட்டு" என்றாள்.

பியூலா உள்ளே போனாள். போன பிறகுதான், அம்மா சொன்னதையே செய்திருக்கிறோம் என்று உறைத்தது.

* * *

பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை மதியம் ஜோசலின் கோயிலுக்கு வந்தாள். தோளில் பை, கையில் ஹார்ட் டிஸ்க், தலையில் துப்பட்டா இன்னும் போடவில்லை. சிட்லபாக்கத்திலிருந்து ஸ்கூட்டியில் வந்திருந்தும் முகத்தில் ஒரு சொட்டு வியர்வை இல்லை. பியூலா பக்கத்துத் தெருவிலிருந்து நடந்து வந்தே கழுத்தெல்லாம் நனைந்திருந்தாள்.

"பியூலா, ஒரு பெரிய பிராப்ளம். நீ டைட்டில் எல்லாம் டைப் பண்ணிக் குடுத்தல்ல? என் லேப்டாப்ல பாரேன்."

ஜோசலினுக்குத் தமிழ் டைப்பிங் வராது. அதனால் படத்தில் வரும் தமிழ் எழுத்துக்களை எல்லாம் பியூலா அடித்து, பென்டிரைவில் அனுப்பியிருந்தாள். லேப்டாப் திரையில், கரும்பச்சை வயலின் மேலே, பெரிய வெள்ளை எழுத்தில் இப்படி இருந்தது:

mWg;gpd; gz;bif

"எலி கீபோர்டு மேல ஓடின மாதிரி இருக்கு" என்றாள் ஜோசலின்.

"அறுப்பின் பண்டிகை" என்றாள் பியூலா.

"என்ன?"

"அதுல அப்படித்தான் எழுதியிருக்கு. அந்த ஃபான்ட் உங்க லேப்டாப்ல இல்ல. அதான்."

"இதை உன்னால வாசிக்க முடியுதா?" ஜோசலின் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அடுத்த டைட்டிலுக்குப் போனாள். "இது?"

"கண் சிகிச்சை முகாம்."

"இது?"

"அசனம்."

எந்த எழுத்துக்கு எந்த விசை என்று விரல்களுக்குத் தெரியும். அதனால் கண்ணுக்கும் தெரிந்தது. அவளுக்கு அது வாசிப்பதாகவே தோன்றவில்லை. ஜோசலினோ குழந்தை சர்க்கஸ் பார்ப்பதுபோல ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போய், கடைசியில் நன்றி என்று வரும் அட்டையில் நின்றாள். அங்கே gpA+yh என்று இருந்தது.

"இது?"

"என் பேர்."

ஜோசலின் திரையின் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனாள். "ஏ, உன் பேருக்குள்ள ஏ பிளஸ் இருக்கு பாரேன்" என்று சிரித்தாள்.

பியூலா சிரிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் அவள் வாங்கிய எதிலும் ஏ பிளஸ் இருந்ததில்லை. பாதியில் நின்றவள் என்பது ஜோசலினுக்குத் தெரியாமல் இருக்குமா? தெரிந்துதான் சொல்கிறாளா? அவள் முகத்தைப் பார்த்தாள். அதில் கேலி இல்லை. உண்மையான சந்தோஷம்தான் இருந்தது. கேலியாக இருந்திருந்தால் வீட்டுக்குப் போய் நிம்மதியாக வெறுத்திருக்கலாம்.

"யூனிகோடுல அடிச்சிருந்தா எல்லாத்துலயும் தெரியும்ல?" என்றாள் ஜோசலின்.

பியூலாவுக்கு அந்த வார்த்தை கேள்விப்பட்ட மாதிரி மட்டும் இருந்தது. "இங்க எல்லாம் இதுலதான்" என்றாள்.

ஹார்ட் டிஸ்கைக் கோயில் கம்ப்யூட்டரில் செருகி, படத்தின் ஃபோல்டரைத் திறந்தார்கள். இங்கே எழுத்துக்கள் ஒழுங்காகத் தமிழாக நின்றன. ஜோசலின் கைதட்டினாள்.

"அப்ப இங்கயே எக்ஸ்போர்ட் பண்ணிடு பியூலா. படத்தோட எழுத்தும் ஒட்டிக்கும், அப்புறம் எங்க போட்டாலும் மாறாது. எனக்கு கொயர் பிராக்டிஸ் இருக்கு. இங்க ஓட்டறதுக்குப் பெருசு ஒண்ணு, கிளைக்குச் சின்னது ஒண்ணு. சரியா?"

"ம்."

வாசல் வரை போனவள் திரும்பினாள். "அந்த ஏரி ஷாட்ட மட்டும் பாத்துக்கோ. ரொம்ப இறுக்கினா தண்ணி உடைஞ்சிடும்."

பியூலாவுக்குச் சுருக்கென்றது. தண்ணீர் உடையும் என்பது தனக்கு மட்டும் தெரிந்த விஷயம் என்று அவள் நினைத்திருந்தாள். யாரும் சொல்லித் தராமல், ஒவ்வொரு வருஷமும் படத்தை இறுக்கிப் பார்த்துத் தானாகக் கண்டுகொண்டது அது. சுவரும் பெஞ்சும் நிற்கிற ஆளும் எவ்வளவு இறுக்கினாலும் தப்பித்துவிடும். தண்ணீர், புகை, காற்றில் ஆடும் இலை, இப்படி ஓயாமல் அசைகிறவைதான் சதுரம் சதுரமாக உடையும். ஜோசலினுக்கு இதை ஒரு வகுப்பில் போகிற போக்கில் சொல்லியிருப்பார்கள்.

எக்ஸ்போர்ட் போடுவதற்கு முன் படத்தை முழுவதும் ஓட்டிப் பார்த்தாள்.

நன்றாக இல்லை என்று சொல்ல ஏதாவது கிடைக்குமா என்றுதான் பார்த்தாள். முதலில் சிட்லபாக்கம் ஏரி. விடிந்தும் விடியாத வெளிச்சம். தண்ணீர் அசையாமல் கிடந்தது. முதல் தூறல் விழ, நீரின் தோல் முழுவதும் மெல்லச் சிலிர்த்தது. கரைக் கம்பியில் காயப்போட்டிருந்த சேலையை ஒரு கை வந்து இழுத்துக்கொண்டது. அவ்வளவுதான். இசை இல்லை, மழைச் சத்தம் மட்டும். அதற்குப் பிறகு பிள்ளைகள், கண் முகாம், எல்லாம் அவள் போன வருஷம் ஒட்டிய அதே சங்கதிகள். ஆனால் இங்கே ஆட்கள் உயிரோடு இருந்தார்கள்.

பிறகு அம்மா வந்தாள்.

அசனச் சமையலுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டு, அண்டாவின் ஆவிக்கு நடுவே ரத்தினபாய் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். கடைவாய்ப் பல் இல்லாத இடம் தெரியச் சிரித்தாள். கேமராவுக்குப் பின்னால் இருந்து ஜோசலின் ஏதோ சொல்ல, "போடி அங்கிட்டு" என்று வெங்காயத் தோலை அவள் பக்கம் எறிந்தாள்.

வீட்டில் அம்மா இப்படிச் சிரித்து பியூலா பார்த்ததில்லை. பியூலாவை "போடி" என்று அவள் சொல்கிறபோது அது போடி என்றுதான் இருக்கும்.

பியூலா இரண்டு ஃபைல்களையும் எக்ஸ்போர்ட் போட்டாள். பெரியதற்கு "கோயில்" என்றும் சின்னதற்கு "கிளை" என்றும் பெயர் வைத்தாள். வெகு நேரம் எடுத்தது. கம்ப்யூட்டரின் விசிறி மிக்ஸி மாதிரி இரைந்தது. பக்கத்து அறையில் கொயர் பாடியது. அதிலும் ஜோசலினின் குரல் தனியாகத் தெரிந்தது.

முடிந்ததும் சின்னதைத் திறந்து பார்த்தாள். ஏரி உடைந்திருந்தது. தூறல் விழுந்ததும் தண்ணீர் சிலிர்க்கவில்லை. குளியலறைத் தரை மாதிரி கட்டம் கட்டமாக மாறியது. அம்மாவின் சிரிப்பைச் சுற்றி ஆவி இருந்த இடத்தில் சாம்பல் நிறச் சதுரங்கள் துள்ளின. திருமுடிவாக்கத்து லேப்டாப்புக்கு இதுதான் சரி. வேறு வழி இல்லை.

அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. கோயிலிலும் இதுவே ஓடினால் என்ன?

யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டால், எங்கும் ஓட வேண்டும் அல்லவா, அதனால் எல்லாவற்றுக்கும் ஒரே ஃபைல் என்று சொல்லலாம். ஜெபசீலன் அங்கிளே தலையை ஆட்டுவார். சதுரம் சதுரமாக உடைகிற படத்தைப் பார்த்துவிட்டு, இதற்கா இவ்வளவு என்று கமிட்டிக்காரர்கள் நினைப்பார்கள். மீடியா டீம் பேச்சு தானாக அடங்கும். தூணுக்குப் பின்னால் நாற்காலி இருந்த இடத்தில் இருக்கும்.

சின்ன ஃபைலின் பெயரை "கோயில்" என்று மாற்றப் போனாள். அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது என்று கம்ப்யூட்டர் சொன்னது. அதனால் இரண்டின் பெயரையும் ஒன்றுக்கொன்று மாற்றி வைத்தாள். பெரியது இப்போது "கிளை". பிறகு சின்னதையே இன்னொரு பிரதி எடுத்துக் கிளைக்கும் அனுப்பிவிட்டு, பெரியதை ஓரமாக வைத்துவிடலாம் என்று எண்ணினாள்.

"இன்னா பியூலா, ஆச்சா?" சவுண்டு பார்க்கிற ஆபேல் அண்ணன் ஹெல்மெட்டோடு உள்ளே வந்தான். "திருமுடிவாக்கம் தான் போய்கினு கீறேன். மைக் ஸ்டாண்டு எறக்கணும். அந்த பென்டிரைவ குட்தீன்னா கையோட சொருவிட்டு வந்துருவேன்."

"இதோ அண்ணா."

"சீக்கிரம் குடும்மா. ஜிஎஸ்டி ரோடு ஏற்கெனவே பேஜாரா கீது."

அவள் பென்டிரைவைச் செருகினாள். "கிளை" என்று பெயர் போட்டிருந்ததை இழுத்து அதில் போட்டாள். பெயரைப் பார்த்து எடுப்பதுதான் அவள் பழக்கம். அந்தப் பெயர்களில் அதுவரை பொய் இருந்ததில்லை. எப்போதும் அனுப்புவதற்கு முன் ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பாள். இன்றைக்குப் பார்க்கவில்லை. அந்த ஏரியை இன்னொரு முறை பார்க்க அவளுக்கு மனம் வரவில்லை.

* * *

ஞாயிற்றுக்கிழமை கோயில் முழுவதும் வாழைத்தார், பூசணி, நெற்கதிர், ஒருவர் கொண்டுவந்து கட்டிய சேவல். அந்தக் காணிக்கைப் பொருட்களின் ஏலம் முடிந்து அசனத்துக்கு முன் படம். கதவுகளைச் சாத்தித் திரையை இறக்கினார்கள். பியூலா தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து "கோயில்" என்ற ஃபைலைத் திறந்தாள்.

ஏரி வந்தது. தூறல் விழுந்தது. பெரிய திரையில் அது இன்னும் மோசமாக இருந்தது. தண்ணீர் பாளம் பாளமாக விட்டுவிட்டு நகர்ந்தது.

பியூலா படத்தைப் பார்க்கவில்லை. மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஜோசலினின் பின்னந்தலையைப் பார்த்தாள். அந்தத் தலை ஒரு கணம் அசையாமல் நின்றது. பிறகு மெல்லத் திரும்பித் தூண் இருந்த பக்கம் பார்த்தது. பியூலா குனிந்து வயரைச் சரி செய்தாள். நெஞ்சுக்குள் தேன் ஊறியது மாதிரி இருந்தது.

ஆனால் வேறு யாரும் திரும்பவில்லை.

"நம்ம ஏரிடா" என்று ஒரு பையன் கத்தினான். பிள்ளைகள் வந்தபோது அவரவர் வீட்டுக்காரர்கள் பெயர் சொல்லிக் கைதட்டினார்கள். கண் முகாமில் கட்டு அவிழ்க்கிற காட்சியில் பல பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ரத்தினபாய் சிரித்ததும் பெண்கள் பக்கம் முழுவதும் சிரித்தது. அம்மா வெட்கத்தில் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, விரல் இடுக்கு வழியாகத் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சதுரங்கள் அவள் கண்ணில் படவே இல்லை.

விளக்கு போட்டதும் ஜெபசீலன் எழுந்து, "இவ்வளவு கிளியரா நம்ம கோயில்ல ஒரு படம் பாத்ததே இல்ல" என்று மைக்கில் சொன்னார்.

பியூலாவின் நெஞ்சில் ஊறிய தேன் புளித்துப் போயிற்று. உடைத்துக் கொடுத்தும் ஜோசலினின் படம் ஜெயித்துவிட்டது.

ஜெபசீலனின் போன் அடித்தது. அவர் காதில் வைத்துக்கொண்டே மேசைப் பக்கம் வந்தார். வரவர முகம் மாறியது.

"உபதேசியார் பேசுதாரு. அங்க படம் ஓடலையாம்" என்றார். "ஏரி வந்துச்சாம், அப்படியே நின்னுட்டாம். அவரு என்ன சொல்லுதாரு தெரியுமா? 'அன்னைக்குச் சத்தம் மட்டும் குடுத்தீங்க, இப்பப் படம் மட்டும் குடுத்திருக்கீங்க, ரெண்டும் சேந்து எப்ப வரும்'ங்காரு. பந்தி போடாம சனம் உக்காந்திருக்காம்."

பியூலாவுக்குப் புரிந்துவிட்டது. பெரியது அங்கே போயிருக்கிறது.

"உன்ன நம்பித்தானே இருந்தேன் பியூலா? ஓட வைக்கிறது ஒண்ணுதானே உன்கிட்ட கேட்டது?"

அதற்குள் ஜோசலினும் வந்துவிட்டாள். பியூலாவின் தோளுக்கு மேல் குனிந்து, ஃபோல்டரைப் பார்த்தாள். "கோயில்" என்ற பெயருக்கு எதிரே சின்ன அளவு. "கிளை" என்ற பெயருக்கு எதிரே பெரிய அளவு. அவளுக்கு ஒரு பார்வை போதுமாக இருந்தது. திரையிலிருந்து கண்ணை எடுத்துப் பியூலாவைப் பார்த்தாள். பியூலா விசைகளைப் பார்த்தாள்.

"அங்கிள், என் மேலதான் தப்பு" என்றாள் ஜோசலின். "நேத்து அவசரத்துல எது இங்க, எது அங்கன்னு நான்தான் மாத்திச் சொல்லிட்டேன். பியூலா நான் சொன்னபடி செஞ்சிருக்கா."

ஜெபசீலனின் முகம் உடனே இளகியது. "அப்படியா? சரி சரி, பரவால்லம்மா. நீயும் எவ்வளவைத்தான் பாப்ப."

பியூலா சும்மா இருந்தால் போதும். ஒரு வார்த்தை பேச வேண்டாம், அவளுக்கு எப்போதும் சுலபமாக வருவது அதுதான். நாற்காலியும் பிழைத்துவிடும். ஆனால் இனி ஒவ்வொரு ஞாயிறும் அந்த நாற்காலியில் ஜோசலின் போட்ட பிச்சையின் மேல்தான் உட்கார வேண்டும். ஜோசலின் படத்தை எடுத்துக்கொண்டாள். அம்மாவின் சிரிப்பை எடுத்துக்கொண்டாள். இப்போது இந்தத் தப்பையும் எடுத்துக்கொண்டு நல்லவளாக நிற்கிறாள். இதையாவது விட முடியாது. இது பியூலாவுடையது.

"இல்ல அங்கிள்" என்றாள். அவள் குரல் அவளுக்கே அந்நியமாக, தூணில் பட்டுத் திரும்பி வந்தது. "ஜோசலின் சரியாத்தான் சொன்னா. நான்தான் பேரை மாத்தி வச்சேன்."

"எதுக்கு?"

"இங்க சின்னது ஓடட்டும்னு."

"அதான் எதுக்குன்னு கேக்கேன்."

ஜெபசீலன் அவளையும் ஜோசலினையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குப் பாதி விளங்கியது. மீதி விளங்குவதற்குள் ஆபேல் அண்ணன் குறுக்கே வந்தான்.

"அத அப்பால கேட்டுக்கலாம் சார். அங்க சனங்க பசியோட குந்திகினு கீறாங்க. பியூலா, சின்னத போட்டு எட்த்துகினு வா. வண்டி வாசல்ல கீது."

இந்தத் தடவை அவள் ஓட்டிப் பார்த்த பிறகுதான் பென்டிரைவைக் கழற்றினாள்.

திருமுடிவாக்கத்துக் கிளைச் சபை தொழிற்பேட்டைக்குப் பின்னால், ஒரு லேத் பட்டறை மேல் மாடியில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆனதால் கீழே இயந்திரங்கள் நின்றிருந்தன. மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே சனம் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. லேப்டாப் திரையில் அசையாமல் ஏரி நின்றது. முதல் தூறல் விழுந்து, வட்டம் விரிகிற இடத்தில்.

"வாம்மா, போட்டோக்காரி" என்றார் உபதேசியார் ஏசுவடியான். "இவ்வளவு நேரமா இந்த ஏரியத்தான் பாத்துக்கிட்டிருக்கோம். வாளியும் கயிறும் இருந்தா குளிச்சிருப்போம்."

எல்லோரும் சிரித்தார்கள். பியூலா தலையைத் தூக்காமல் மேசைக்குப் போனாள். பழையதை மூடுவதற்கு முன், நின்றுபோன அந்த ஏரியைப் பார்த்தாள். இங்கே அது உடையவில்லை. ஒவ்வொரு துளியும் தனியாகத் தெரிந்தது. இத்தனை பேரும் இவ்வளவு நேரம் அதைப் பார்த்திருக்கிறார்கள். அவள் அதை மூடினாள்.

சின்னது ஓடியது. ஒரு இடத்திலும் நிற்கவில்லை. படம் முடிந்து பந்தி போட்டார்கள். அவளை உட்காரச் சொன்னார்கள். பசி இல்லை என்றாள்.

* * *

ஜெபசீலன் அவளைத் திட்டவில்லை. அடுத்த வாரம் ஆராதனைக்கு முன்னால் வாசலில் நிறுத்தி, "கம்ப்யூட்டர் மேசைச் சாவிய ஜோசலின்கிட்ட குடுத்துரும்மா" என்றார். "கொஞ்ச நாள் அது பாக்கட்டும்." எத்தனை நாள் என்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

சாவியைக் கொடுத்தபோது ஜோசலின், "நான் கேக்கல பியூலா. சத்தியமா" என்றாள்.

"தெரியும்."

"அன்னைக்கு ஏன் அப்படிச் சொன்ன? நான்தான் சமாளிச்சேன்ல?"

"பாட்டு எல்லாம் டி டிரைவ்ல இருக்கு" என்றாள் பியூலா. "எல்லாத்துக்கும் அந்த ஃபான்ட்தான். உங்க லேப்டாப்ல திறக்காதீங்க."

"சரி."

இன்னும் ஏதோ கேட்க ஜோசலின் வாயைத் திறந்தாள். பியூலா அதற்குள் நடந்துவிட்டாள்.

பெண்கள் பக்கம் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். முன்னால் தூண் இல்லை. எல்லோரும் தன்னைப் பார்ப்பதுபோல இருந்தது. ரத்தினபாய் பாட்டுப் புத்தகத்தை இருவருக்கும் நடுவில் விரித்தாள்.

"அந்தப் பிள்ளைக்கு எல்லாம் சொல்லிக் குடுத்தியா?"

"ம்."

"என்னத்தச் சொன்ன, ம்முன்னு" என்று முணுமுணுத்தாள் அம்மா.

ஆர்கன் ஒலித்தது. சபை எழுந்தது. திரையில் முதல் வரி வந்தது. பியூலா புத்தகத்தைப் பார்க்கவில்லை, பாடவும் இல்லை. வரி முடிகிற இடத்தில், சபை மூச்சு இழுக்கிற நேரத்தில், அவள் சுட்டுவிரல் முன் பெஞ்சின் மரத்தில் தானாக அழுத்தியது.

திரை மாறவில்லை. சபை தடுமாறியது. சில பேர் மனப்பாடமாகப் பாடினார்கள், சில பேர் வாயைத் திறந்து காத்திருந்தார்கள். அப்புறம்தான் அடுத்த வரி வந்தது. இரண்டாவது சரணத்திலும் அப்படியே, ஒரு மூச்சு பிந்தி வந்தது. முன் பெஞ்சில் ஜெபசீலன் தூணைத் திரும்பிப் பார்த்தார். பியூலாவுக்கு உள்ளங்கால் வரை குளிர்ந்தது. அவளும் வாய் திறந்து, சத்தமாகவே பாட ஆரம்பித்தாள். அம்மா ஆச்சரியமாகப் பார்த்தாள்.

அடுத்த பாட்டுக்கு ஆர்கன் சுருதி மாறியது. முதல் வரி முடிந்தது. மரத்தில் இருந்த விரல் அழுத்தியது.

அதே நொடியில் திரை மாறியது.

அடுத்த வரிக்கும் மாறியது. அதற்கடுத்த வரிக்கும். பியூலா பாடுவதை நிறுத்திவிட்டுத் தூணைப் பார்த்தாள். இங்கிருந்து பார்த்தால் ஜோசலினின் முழங்கை மட்டும் தெரிந்தது. ஒரே பாட்டில் கற்றுக்கொண்டுவிட்டாள்.